பரணுக்கு ஒரு ஜன்னல்

மகள் பொங்கலுக்கு வந்தாள். பொங்கல் போயிற்று, அறுப்பு முடிந்தது, அவள் போகவில்லை. முழங்கைக்கு மேலே இருந்த நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, ஒருநாள் குளித்துவிட்டு வந்தபோது இல்லாமல் போயிருந்தது. அதைப் பற்றி அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்ற பயம்தான்.

எங்களுடையது ஓட்டு வீடு. முன்னால் கூடம், பக்கத்தில் ஓர் அறை, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் வாய்க்கால். அறையில் மகளும் அவள் குழந்தையும். கூடத்தில் நானும் வீட்டுக்காரரும். மகன் டவுன் வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரி திண்ணையில் படுப்பான். மாசியில் மகனுக்குப் பெண் பேச ஆரம்பித்தோம். திருவாரூர்ப் பக்கம், நல்ல இடம். கல்யாணம் என்று ஆனால் புதுசாக வருகிறவளுக்கு அறையை விடவேண்டும். அப்போது இவள் எங்கே? யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் சோறு பரிமாறும்போதுகூட அந்தக் கேள்வி இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"பரணை ரூமா எடுத்துடலாம்னு பாக்குறேன்" என்றார் ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டே.

கூடத்துக்கு மேலே, ஓட்டுக்குக் கீழே, பலகை அடித்த பரண். ஏணி வைத்து ஏறவேண்டும். காலிச் சாக்கு, கால் போன தொட்டில், அவள் கல்யாணத்துக்கு வாங்கிய அண்டா, நடுவே கட்டை போட்டு அதன்மேல் விதைநெல் மூட்டைகள். மற்றதெல்லாம் ஒண்டிக்கொண்டிருப்பவை, பரண் நெல்லுக்குத்தான். ஊரே கடையில் விதை வாங்குகிறது, இவர் வாங்கமாட்டார். தையில் அறுத்ததில் தாள் சாயாத பகுதியாகப் பார்த்துத் தனியே அடித்து, காயவைத்து, மேலே ஏற்றினால், சம்பா நாற்றங்காலுக்குத்தான் இறங்கும். அதுவரை நெல் குடியிருக்கும் இடம் அது. தூரமான நாட்களில் நாங்கள் ஏணியில் கால் வைக்கக்கூடாது, விதை முளைக்காதாம். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் சொன்னார், பிறகு இவர் சொன்னார், பிறகு சொல்ல அவசியமே இல்லாமல் போனது. என் கால்களே அதைக் கற்றுக்கொண்டுவிட்டன.

அங்கேதான் மகளைக் குடிவைக்கலாம் என்கிறார். எனக்கு என்ன நினைப்பது என்று தெரியவில்லை. ஒரு பக்கம் நெஞ்சு எரிந்தது. இன்னொரு பக்கம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆசையாகவும் இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள இந்த வீட்டில் எனக்குக் குளியலறையைத் தவிர ஓரிடம் இருந்ததில்லை. அவளுக்காவது இருக்கட்டுமே. அழவேண்டும் என்றால் அழட்டும், தூங்கவேண்டும் என்றால் தூங்கட்டும்.

"மேல போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்றாள் மகள்.

அவர் என்னைப் பார்த்தார். "அவளுக்கு இப்ப ஒண்ணும்..."

"இல்லப்பா" என்று அவளே சொல்லிவிட்டு ஏறினாள்.

இறங்கி வந்தபோது முடியெல்லாம் ஒட்டடை. வந்த நாளிலிருந்து நான் பார்க்காத ஒரு முகம். "பின்பக்கம் ஜன்னல் வெச்சா வாய்க்கா தெரியும்மா. தண்ணி தொறந்துட்டா ஓடுறது படுத்துக்கிட்டே கேக்கும்." அன்று முழுக்கக் குழந்தைக்குக் கதை சொன்னாள், மேலே ஒரு வீடு, அந்த வீட்டுக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு மைனா.

மேஸ்திரி வந்தார். ஏணியில் ஏறியவர் தலையைச் சட்டத்தில் இடித்துக்கொண்டு அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அண்ணே, இங்க நிமிந்து நிக்கணும்னா ஆளையே குட்டையாத்தான் பெத்துக்கணும்!"

"ஓட்டைப் பிரிச்சு ஒசத்திக் கட்டு. மேல ஷீட்டைப் போட்டுடு."

"ஷீட்டா? சித்திரையில முட்டைய வெச்சா கோழி இல்லாமலே குஞ்சு பொரிச்சுடும். என்னக்கா, பண்ணை வெக்கிறதா உத்தேசமா?" என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். "பின்னால ஒரு ஜன்னலு. இந்த மூலையில படி. யாருக்கு ரூமுன்னு சொன்னீங்கன்னா அதுக்குத் தக்கன செஞ்சுடலாம்ண்ணே."

கீழே மகள் குழந்தைக்கு ரசஞ்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது.

"யாருக்கும் இல்ல மேஸ்திரி" என்றார் இவர். "சும்மாதான். சாமான் வைக்க."

"சாமானுக்கு எதுக்குண்ணே ஜன்னலு?"

குழந்தை வாயைத் திறந்தபடி காத்திருந்தது. மகள் உருண்டையை அதன் வாயில் வைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மேஸ்திரி டேப்பைச் சுருட்டினார். அவருக்கும் பெண் இருக்கிறாள், புரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் நான் கேட்டேன், "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"ஊருக்கெல்லாம் விளம்பரம் பண்ணச் சொல்றியா? பொண்ணு வீட்டுக்காரங்க காதுல விழுந்தா? வாழாவெட்டிய வீட்டோட வெச்சிருக்காங்கன்னு நாளைக்கு அவங்க பின்வாங்கினா நீ பதில் சொல்லுவியா?"

அறைக்கதவு திறந்துதான் இருந்தது.

ஆனாலும் வேலை நிற்கவில்லை. ஓட்டில் கை வைக்குமுன் நெல் இறங்கவேண்டும் அல்லவா? மூட்டைகளை இறக்கி, அறையில் தார்ப்பாய் விரித்து அடுக்கினார். பிறகு நெல்லுக்கு மாட்டுக்கொட்டகையில் ஒரு மூலையை எடுத்துக்கொள்ளலாம் என்றார். மகளும் குழந்தையும் எங்களோடு கூடத்துக்கு வந்தார்கள். அறையை நெல் எடுத்துக்கொண்டது.

அந்த வாரமே கோடை மழை. காற்றும் மழையுமாக ஒரு மத்தியானம் முழுக்க அடித்தது. நாங்கள் ஓட்டு ஒழுக்கலுக்குப் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தோம். அறை ஜன்னல் திறந்துகிடந்தது யாருக்கும் நினைவில்லை. பிறகு பார்த்தால் தார்ப்பாய்க்கு மேலே தண்ணீர், மூட்டைகளின் அடி கறுத்திருந்தது.

"ஜன்னல யாரு தொறந்துவெச்சது?"

காலையில் புழுக்கம் தாங்காமல் குழந்தை அழுதது, அதை மகள்தான் அங்கே கொண்டுபோய்க் காற்றுக்கு வைத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கப்போனாள். நான் முந்திக்கொண்டு, "நான்தான்" என்றேன். அவர் என்னை நம்பவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

மறுநாள் ஈர மூட்டைக்குள் கையை விட்டவர் சட்டென்று வெளியே எடுத்தார். உள்ளே சூடு. நானும் விட்டுப் பார்த்தேன். காய்ச்சல் கண்ட குழந்தையின் வயிறு மாதிரி இருந்தது. நனைந்ததைக் கூடத்தில் பரப்பினோம். அங்கங்கே வெள்ளையாய் மூக்கு விட்டிருந்தது. வைகாசியில் முளைத்த நெல்லை என்ன செய்வது? வாய்க்காலில் தண்ணீர் இல்லை, நாற்றங்கால் இல்லை. கோழிக்குத்தான்.

மிச்ச மூட்டைகளை உடனே மேலே ஏற்றச் சொன்னார். மகள் கீழிருந்து தூக்கிக் கொடுக்க வந்தாள். ஏணியில் நின்றபடி, குரலைத் தாழ்த்தி, "நீ தொடலாமா இன்னிக்கி?" என்றார்.

"தொடலாம்பா."

ஒவ்வொரு மூட்டையாக இடுப்பில் முட்டுக்கொடுத்துத் தூக்கிக் கொடுத்தாள். தன் அறையைத் தானே மூட்டைகட்டி அனுப்புவதுபோல இருந்தது எனக்கு. கடைசி மூட்டை ஏறியதும் அவர் அங்கேயே உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"வேணாம். பரண் பரணாவே இருக்கட்டும். நெல்லு கீழ தாங்காது."

"அப்ப இவ?" என்றேன்.

"பாப்போம்" என்றார். கோபமில்லை. களைப்புத்தான். அந்தக் களைப்பை நான் எப்படி மன்னிப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

மகள் தூசியைக் கழுவிக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனாள். திரும்பி வந்து, "நான் ஊருக்குப் போறேம்மா. அவர்ட்ட பேசிட்டேன்" என்றாள். தடுத்தேன் என்று சொன்னால் பொய். "இன்னும் ரெண்டு நாள் இரேன்" என்றேன், விருந்தாளியிடம் சொல்வதைப்போல.

பஸ் வரும்வரை அவர்தான் குழந்தையைத் தோளில் வைத்திருந்தார். பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். பஸ் திரும்பும்வரை கையை இறக்கவில்லை.

அறையில் இப்போது புதுக் கட்டில். மகள் மத்தியானங்களில் போன் பண்ணுகிறாள். அங்கே குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, மாமியார் காதில் விழாமல் பேசுகிறாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளிருந்து குரலைப் பொறுக்கி எடுக்கவேண்டும்.

போன வாரம் கேட்டேவிட்டேன். "அடிக்கிறாராடி?"

தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

"வந்துடுடி" என்றேன்.

"எங்கம்மா வரது?"

கேலியில்லை. நிஜமாகவே கேட்டாள், விலாசம் கேட்பதைப்போல. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் குழாய் நின்றுவிட்டது. கதவுக்கு வெளியே யாரோ வந்திருக்கவேண்டும்.

"சரிம்மா, வெச்சுடறேன்" என்றாள் உரக்க, சந்தோஷமாக. "இங்க எல்லாரும் நல்லாருக்கோம்."