நிலைக்காலின் அடிப்பக்கம்

“எந்த புரோகிராமை வச்சுக்கிறது, எதைத் திருப்பி அனுப்புறது? சாயங்காலம் திருச்சிக்காரர் வந்துருவாரு” என்று கேட்டார் பட்டறை முதலாளி அய்யம்பெருமாள்.

“குரும்பலூர் வூட்டு வாசநிலை முடியட்டும்ங்க, சொல்றேன்” என்றார் கமலவேணி அக்கா.

“ரெண்டாவதுதான் வேகம். நீ பென்சில் சீவுறதுக்குள்ள வூட்டையே கட்டிருது.”

“கட்டட்டும்ங்க. குடியேறப் போறது அது இல்லையே.”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. தேக்கு வீணாச்சுன்னா கம்ப்யூட்டரும் வேணாம், நீயும் வேணாம்.”

அது 1989. பெரம்பலூரில் எங்கள் மரப்பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலைக்கும், கதவு ஜன்னல்களுக்கும் அக்காதான் வரைபடம் போடுவார். ஆங்கிலக் கையேட்டைப் படித்து அவருக்குத் தமிழில் சொல்வது என் வேலை.

விற்க வந்த திருச்சிக்காரர் இரண்டு புரோகிராம்களைப் பழகிப் பார்க்கக் கொடுத்திருந்தார். முதலாவதில் ஒவ்வொரு கோட்டையும் நாமே போடவேண்டும். இரண்டாவதில் வாசலின் ஒரு பக்கத்து நிலைக்காலை வரைந்தால் போதும். இன்னொன்றை அதுவே தலைகீழாகத் திருப்பிப் பக்கத்தில் ஒட்டவைத்து, ஒரே பலகையில் இரண்டையும் அடக்கிவிடும். அன்று குரும்பலூர் நிலையை அக்கா அதில்தான் வரைந்தார். மரம் மிச்சமாவதைப் பார்த்து முதலாளி சிரித்தபடி தாளை வாங்கிப் போனார்.

சற்று நேரத்தில், திரையையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா சட்டென்று எழுந்தார். அறுப்புக் கொட்டகைக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

“நிறுத்துங்கண்ணே!”

ஆசாரி வைரக்கண்ணு ரம்பத்தை நிறுத்தினார். பலகை ஓரத்தில் ரம்பம் ஒரு விரல் ஆழம் இறங்கியிருந்தது.

“ஏம்மா, கம்ப்யூட்டர் போட்டதாச்சே?”

“ஒரு காலுக்கு மரத்தோட நுனி கீழ வந்துருச்சுண்ணே.”

அவர் கை ரம்பத்தை விட்டது. வேர்ப்பக்கம் கீழே இல்லாத மரத்தை எங்கள் பக்கத்தில் யாரும் வாசலில் நிறுத்தமாட்டார்கள். “எனக்கும் உறுத்துச்சு. தாள்ல உள்ளபடி அறுன்னு உத்தரவு” என்றார்.

முதலாளி வந்து நின்றார். அக்கா என்னையும் பார்க்கவில்லை, ஆசாரியையும் பார்க்கவில்லை. “நான் குடுத்த தாளுங்க. நான்தான் கவனிக்கல” என்றார்.

வைரக்கண்ணு அளந்து பார்த்தார். வெட்டு கழிவில் போய்விடும், கால்கள் தப்பும் என்றார். முதலாளி குனிந்து அந்த வெட்டைத் தடவிப் பார்த்தார்.

“இப்ப சொல்லு. எது?”

“மெதுவானதுங்க. நான் திருப்பாம அது திருப்பாது.”

சாயங்காலம் வேகமானது திருச்சிக்குத் திரும்பிப் போனது. அக்காவின் மேசை இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டார். “தாள் வெளிய போறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு மரத்துக்கும் அடி எதுன்னு என்னைக் கேளு. நான் எரிஞ்சு விழுந்தாலும் விடாம கேளு.”