முட்டுக்காட்டில் எடுத்த படம்

நான் அப்போது கடற்கரைச் சாலைக் காவல் நிலையம் ஒன்றில் ஏட்டு. ஒருநாள் காலை முட்டுக்காடு பாலத்தருகே, கோவளத்து மீன்கார அம்மா ஒருவரை வெள்ளைக் கார் ஒன்று அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே அவர் இறந்துவிட்டார். சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை.

மறுநாள்தான் தெரிந்தது. காருக்குப் பின்னால் ஐ.டி. கம்பெனி வண்டியில் சிறுசேரிக்கு வேலைக்குப் போன ஒரு பெண், அந்தக் காரைச் செல்போனில் படமெடுத்து இணையத்தில் நண்பர்களுக்குப் போட்டிருந்தாள். பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்தேன். வண்டி எண்ணின் கடைசி இலக்கம் மங்கல். மூன்றா, எட்டா என்று கீழே ஆளுக்கொரு ஊகம். யாரோ மூன்றுதான் என்று முடிவுகட்டி, அந்த எண்ணுள்ள டாக்சியை ஓட்டும் டிரைவரின் பெயரையும் தெருவையும் எழுதியிருந்தார்.

நாங்கள் அங்கே போவதற்குள், படம் பார்த்த யாரோ அவர் ஓட்டும் டாக்சியின் கண்ணாடியை நொறுக்கியிருந்தார்கள். நெற்றியில் ரத்தத்தோடு அவர் கேட்டார்: "இன்னாத்துக்கு சார் அடிச்சானுங்க? நேத்து காலைல நான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரில இருந்தேன். பொண்டாட்டிக்குப் பிரசவம் சார்."

விசாரித்தேன். உண்மைதான். அதற்குள் டாக்சி முதலாளி அவரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்.

அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து, அவளது போனிலிருந்த அசல் படத்தை வாங்கிப் பெரிதாக்கினோம். எட்டு தெளிவாகத் தெரிந்தது. அந்தக் காரும் கிடைத்தது. ஆனால் முன்விளக்கு புதுசு, பெயின்ட் புதுசு. அதைச் செய்த மெக்கானிக் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "படம் நெட்ல வந்த அன்னிக்கே ஓனரு வண்டிய எடுத்துகினு ஓடியாந்தாரு சார்."

கோர்ட்டில் மெக்கானிக் அதைச் சொல்லவில்லை. விபத்துக்கு முந்தின மாதமே அந்த வேலை முடிந்தது என்றார். படமெடுத்த பெண் அதற்குள் வெளிநாடு போயிருந்தாள்; சம்மன் திரும்பித் திரும்பி வந்தது. எடுத்தவளே வந்து சொல்லாமல் படத்தைக் கோர்ட் ஏற்கவில்லை. சில வருடங்கள் வாய்தாவிலேயே போயின. கடைசியில் போதிய சாட்சியமில்லை என்று கார்க்காரரை விடுவித்தார்கள்.

செங்கல்பட்டு கோர்ட்டு வாசலில் இறந்தவரின் மகன் என் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார்: "படம்தான் கீதே சார்? ஊரே பாத்துச்சே?"

அரசு வக்கீல் கட்டுகளை எடுத்துக்கொண்டு அடுத்த வழக்குக்கு உள்ளே போய்விட்டார்.

"வெயில்ல நிக்காதீங்க," என்றேன். "கோவளம் பஸ் இப்ப வந்துரும்."