தம்பிக்கு யார் செய்தது?

கிள்ளானில் லோரி ஓட்டுகிறவர். வெயில் பட்டு வலக்கை மட்டும் கறுத்திருந்தது. யாரையும் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிட்டார். சவக்கிடங்கை ஒட்டிய எங்கள் ஆய்வறை வாசலில் செருப்பைக் கழற்றினார்.

“போட்டுக்கிட்டே வாங்க, அங்கிள்.”

“பரவால்ல லா பாஸ். என் தம்பி உள்ள இருக்கான்ல.”

அழுகாமல் உலர்ந்துபோன உடல்களையும் அவற்றில் வாழும் பூச்சிகளையும் ஆராய்வது என் படிப்பு. அவர் தம்பியைப் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில், இறந்து பல மாதம் கழித்து அப்படித்தான் கண்டெடுத்தார்கள். யாரோ அவரிடம் ‘மம்மி’ என்று சொல்லியிருக்கிறார்கள்.

“மம்மின்னா ராஜாவுக்குத்தானே செய்வாங்க? மருந்து பூசி, துணி சுத்தி… படத்துல பாத்திருக்கேன். என்கூட சண்டை போட்டுட்டுப் போனவன் பாஸ். அவனுக்கு யார் செஞ்சாங்க? பாத்து நன்றி சொல்லணும்.”

சொல்லாமல் விட்டால் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க அந்த ஆளைத் தேடி அலைவார் என்று பட்டது.

“யாரும் செய்யல, அங்கிள். வீட்டுல சீலிங் காத்தாடி நிக்காம ஓடியிருக்கு. அந்தக் காத்துலயே காஞ்சுட்டாரு.”



“தீபாவளிக்குப் போய் கதவத் தட்டுனேன் பாஸ். உள்ள காத்தாடி சத்தம் கேட்டுச்சு. கோவத்துல தொறக்க மாட்றான்னு நெனச்சு, முறுக்குப் பொட்டலத்த வாசல் கிரில் கதவுல மாட்டிட்டு வந்துட்டேன்.”

அன்று தம்பி உயிரோடு இருந்தாரா என்று அவர் கேட்கவில்லை. பூச்சிகளை வைத்து இறந்த நாளைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்று நானும் சொல்லவில்லை.