நிறுத்தினால் சும்மா இருக்காத காயில்

வோல்டேஜை ஏற்றிக் கொடுப்பது என் தொழில். மந்தைவெளியில் ஒரு தையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒண்டிக் குடித்தனம் நடத்தும் என் கடையில் 'பூஸ்ட் கன்வெர்ட்டர்' பெட்டிகள் செய்கிறேன். நாலு வோல்ட்கூடத் தேறாத பேட்டரியை உள்ளே வைத்தால் பன்னிரண்டு வோல்ட் வெளியே வரும். கரண்ட் போனாலும் விளக்கு எரியும், வைஃபை ஓடும். "நீ எலெக்ட்ரானிக்ஸ்தானே படிச்சே?" என்று கேட்ட சொந்தக்காரர்களின் டி.வி. ரிமோட்டை எல்லாம் பிரித்துப் பார்த்து நொந்துபோன சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக.

வாய்ப்பூட்டு

வசுந்தரா மாமி மயிலாப்பூரில் பாட்டு சொல்லிக் கொடுப்பவர். தொண்டையில் ஆபரேஷன் ஆனதும், பாடுவது இருக்கட்டும், பேசவே கூடாது என்று டாக்டர்கள் மாதக்கணக்கில் வாய்ப்பூட்டு போட்டுவிட்டார்கள். இப்போதுதான் அனுமதி கிடைத்து, வீட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில் கச்சேரி. குரல் பழையபடி எழும்புமா என்று அவருக்கே பயம். போதாக்குறைக்கு அந்த ஹாலில் கரண்ட் அடிக்கடி போகும். நடுவில் அவருடைய எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி நின்றால் அவ்வளவுதான், இருக்கிற தைரியமும் போய்விடும். அதற்குத்தான் என் பெட்டி.

இது எப்படி ஏற்றுகிறது என்று கேட்டார். "உள்ளே ஒரு காயில் இருக்கு மாமி. வெறும் செப்புக் கம்பிச் சுருள். சுவிட்ச் போட்டா அதுல கரண்ட் ஓடும், அந்தச் சக்தியைக் காந்தமா சேர்த்து வெச்சுக்கும். சட்டுனு அந்த வழியை அடைச்சா காயில் ஒத்துக்காது. ஓடின கரண்ட் ஓடியே ஆகணும்னு முன்னைவிட அதிக வோல்டேஜ்ல வேற வழியா தள்ளும். இதையே ஒரு குட்டி எலெக்ட்ரானிக் சுவிட்சை வெச்சு செகண்டுக்கு லட்சக்கணக்கான தடவை செய்யறோம்" என்றேன். மாமி பெட்டியைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஓடிண்டிருக்கறதைத் திடீர்னு நிறுத்தினா கோவம் வராதா பின்னே?"

அண்ணாச்சியின் ஷட்டர்

மாமியிடம் கொடுப்பதற்கு முன் அதே மாதிரிப் பெட்டியை இரண்டு பேரிடம் சோதனைக்கு விட்டேன். ஒருவர் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி. அவரும் விளக்கம் கேட்டார். "தள்ளுபடி அன்னிக்குக் கூட்டம் ஓடி வருது. பாதியில ஷட்டரை இறக்கிட்டீங்க. பின்னால வர்றவங்க நிப்பாங்களா? நெருக்கித் தள்ளிப் பக்கத்துக் கதவைப் பிச்சுக்கிட்டு நுழைவாங்க. கூட்டம்தான் கரண்ட், நெருக்கல்தான் வோல்டேஜ்" என்றேன்.

"அப்போ ஷட்டர் திறந்தே கெடந்தாலும் பிரயோசனம் இல்ல, மூடியே கெடந்தாலும் பிரயோசனம் இல்ல, திறந்து திறந்து மூடணும்னு சொல்லுதீய" என்றார். அட, இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது! அந்தக் குஷியில், பெட்டி ஏதாவது சத்தம் போடுகிறதா என்று கேட்டேன். "இங்க என் சத்தமே எனக்குக் கேக்க மாட்டேங்கு, பெட்டி சத்தத்த எங்க போய்க் கேக்க?"

வஞ்சிரத்தின் மேல் வெளிச்சம்

இன்னொருவர் நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்கும் கஸ்தூரி அக்கா. சின்ன பேட்டரியில் பெரிய எல்.இ.டி. விளக்கு எரிந்து வஞ்சிரம் பளபளத்ததில் அவருக்கு ஏக சந்தோஷம். சத்தம் பற்றிப் புகாரே இல்லை. ஆனால் பேட்டரி சீக்கிரம் காலியாகிறதாம். "வோல்டேஜ் ஏறணும்னா பேட்டரில இருந்து அந்த அளவுக்கு அதிகமா கரண்ட் உறிஞ்சணும்க்கா. காயில் சொந்தமா எதையும் உண்டாக்காது. வழியில கொஞ்சம் சூடாவும் போயிடும்" என்று பாடம் நடத்தினேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா இது, என்னுத எனுக்கே குடுத்துகினு, நடுவுல கமிசன் வேற அட்ச்சிகினு கீதா உன் பொட்டி?"

நிஷாதம்

இரண்டு பேரும் சான்றிதழ் கொடுத்துவிட்ட தெம்பில் மாமியிடம் பெட்டியைக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே போன். "ஏண்டீ, உன் பெட்டி பாடறது!" ஓடிப்போய்க் காதை வைத்துக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாமியோ பல்வலிக்காரரைப் போலக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "காகலி நிஷாதத்துல முனகிண்டே இருக்கு. ஒரு படி மேல இருக்கற ஷட்ஜத்துக்காவது வந்து சேர்றதா, அதுவும் இல்லை."

எரிச்சல்தான் வந்தது. கடைக்கு வந்து சோதித்தால், மாமி சொன்னது சரி. பெரிய விளக்குக்கு சுவிட்ச் ஓயாமல் வேலை செய்யும். அந்த வேகம் காதுக்கு எட்டாது. சுருதிப் பெட்டிக்குக் கொஞ்சம் கரண்ட் போதும் என்பதால் சுவிட்ச் தூங்கித் தூங்கி விழித்திருக்கிறது. அந்தத் தூக்கத்தின் தாளம் காது கேட்கும் வேகத்துக்கு இறங்கி, காயிலின் கம்பியை நடுங்க வைத்திருக்கிறது. சுவிட்ச் தூங்காதபடி எப்போதும் கொஞ்சம் கரண்டை இழுத்துக்கொண்டிருக்க ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சேர்த்து, கம்பி ஆடாதபடி காயிலுக்கு வார்னிஷ் பூசிக் காய வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமி வெகுநேரம் கேட்டுவிட்டு அதை மெல்லத் தட்டிக் கொடுத்தார். "இப்போ வாயை மூடிண்டிருக்கு. எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்."

கச்சேரி

மாமி பயந்து பயந்துதான் பாடினார். மேலே போக வேண்டிய இடங்களில் எல்லாம் பாதியிலேயே திரும்பிவிட்டார். ராகம் பாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மைக் செத்தது, மின்விசிறி நின்றது, ஏ.சி. அடங்கியது. சுருதி மட்டும் நிற்கவில்லை. கடைசி வரிசையில் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். மாமி ஒரு கணம் சுருதிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு படிப்படியாக ஏறி, மைக் இல்லாத அந்த ஹாலின் மூலை வரைக்கும் கேட்கும்படி மேல் பஞ்சமத்தில் போய் நின்றார். குரல் லேசாக நடுங்கியது, ஆனால் இறங்கவில்லை. நான் அழுதேன். பக்கத்து சீட் மாமாவிடம் புழுக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கச்சேரி முடிந்து, "எப்படி மாமி அவ்வளவு மேல போனீங்க?" என்று கேட்டேன். "நீதானே சொன்னே, நிறுத்தினா சும்மா இருக்காதுன்னு? என்னையும் மாசக்கணக்கா நிறுத்தி வெச்சாளேடீ!"

ஆகவே தோழர்களே, வோல்டேஜை ஏற்றுவது என் தொழில் என்று முதலில் பீற்றிக்கொண்டதைத் திருத்திக்கொள்கிறேன்: ஏறுகிறவர்கள் தாங்களே ஏறிக்கொள்கிறார்கள், நான் வார்னிஷ் பூசுவதோடு சரி.