படத்துக்குப் படம் சாகிற மனிதர்

மொன்றியலில் சினிமாக் கொட்டகைக்குள் யாரும் இருமுவதில்லை. விசிலடித்துப் படம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த அமைதியே பயம். என் கணவர் இருமினால் முன்வரிசைத் தலைகள் மெல்லத் திரும்பும். நான் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு "பார்தோன், பார்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்பேன்.

இவருடைய நெஞ்சில் ஊசி ஏற்றிச் சோதனைக்குச் சதை எடுத்திருக்கிறார்கள்; முடிவு இன்னும் வரவில்லை. நகரின் ஒதுக்குப்புறத்தில், பியர்பொன்ட்ஸில் வீட்டுக்குள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் விசர் பிடிக்கும் என்று, வியாழன் மத்தியானங்களில் பஸ்ஸும் மெட்ரோவும் மாறி டவுன்டவுனுக்கு வருகிறோம். ஒரு பழைய ஜப்பானிய நடிகரின் படங்களை முதல் படத்திலிருந்து வரிசையாகப் போடுகிறார்கள். மீசை அரும்பாத பையனாக வந்தவர், வாள்வீரனாகி, வில்லனாகி, குடிகாரத் தகப்பனாகி, எங்கள் கண்முன்னே கிழவராகிவிட்டார். அரைவாசிப் படங்களில் செத்தும் போகிறார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நம் சினிமாவில் சாகிற காட்சியில் நடித்தவர் எழும்பி, கமராவைப் பார்த்து ஒருதரம் சிரித்துவிட்டுத்தான் போவாராம். தோஷம் கழியவேண்டுமே. இந்த மனிதர் சிரித்தாரோ, யார் கண்டது?

"விசர்க் கதை கதையாதை," என்றார் இவர். "எத்தனை தரம் செத்தவர், பார். தொண்ணூறு தாண்டியும் இருந்தவர்."

அந்தத் தொண்ணூறைத்தான் இவர் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

இன்று கடைசிப் படம். டிக்கெட் பார்க்கிற பெண் சுவரிலிருந்த போஸ்டரைக் காட்டி, சாகப்போகிறார், பாவம் என்று பிரெஞ்சில் சொன்னாள். அதற்குக் கீழேதான் இவர் நின்றார். இவரைத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது. "நோ, மதாம்!" என்று சண்டைக்குப் போனேன். அவளோ, படத்தின் முடிவைச் சொல்லிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

பாதிப் படத்தில் என் கைபேசி அதிர்ந்தது. வெளியே ஓடி எடுத்தேன். ஆஸ்பத்திரி. நாளைக் காலையே வரவேண்டுமாம், அவரைத் தனியே அனுப்பக்கூடாதாம். ஏன் என்று கேட்டேன். டாக்டர் நேரில் சொல்லுவார் என்றார்கள். நல்ல செய்தியென்றால் போனிலேயே சொல்லியிருக்க மாட்டார்களா?

திரும்பி வந்தபோது அந்த நடிகர் பாயில் கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இவர் முன்னுக்குச் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனிலை ஆரப்பா?"

"யாழ்ப்பாணத்திலயிருந்து. உங்கட அக்கா."

"என்னவாம்?"

"உங்களுக்குச் சுகமோ எண்டு கேட்டவ. ஓம் எண்டு சொன்னனான்."

 இவர் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்.

"அங்கை இப்ப சாமம் எல்லோ."

 அதற்குமேல் இவர் கேட்கவில்லை. அக்கா ஊரில் நித்திரையாக இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் இங்கே, பட்டப்பகலில், இருட்டுக்குள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.