அவருக்கு இனி பாடு இல்லை

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஏழே பேர். எல்லோரும் பழவேற்காடு ஏரிக்கரை ஆட்கள். எல்லோருக்கும் இங்கிலாந்தில் இருக்கும் ஒரு ராக் பாடகர் மேல் பைத்தியம். கிட்டாரும் டிரம்ஸும் இரைந்துகொண்டிருக்க, நடுவில் அவர் மட்டும் பக்கத்து வீட்டுக்காரரிடம் குறை சொல்வதுபோல் பாடுவார். பெரியப்பா மகளின் காதிலிருந்து ஒரு ஒயரைப் பிடுங்கி என் காதில் வைத்துக்கொண்ட அன்றுதான் அந்தக் குரலை முதலில் கேட்டேன். குழுவைத் தொடங்கியதும் அந்த அக்காதான். ஒரு விதியும் போட்டாள்: அவர் பெயரை யாரும் எழுதக் கூடாது. வீட்டுக்காரர் பெயரைச் சொல்லாத எங்கள் ஊர்ப் பெண்களைப்போல 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். விளையாட்டுக்குப் போட்ட விதி.

குழுவுக்குச் செய்தி சொல்வது என் வேலை. வெளிநாட்டு ரசிகர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதையெல்லாம் படித்து, சுடச்சுடத் தமிழில் போடுவேன். எல்லோருக்கும் முந்திப் போட வேண்டும் என்ற வெறி எனக்கு எப்போதும் உண்டு.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊர்க் குழுவில் அறிவிப்பு போடுவது. பொன்னேரிக் கல்லூரியில் படிக்கிற பெண், பிழையில்லாமல் எழுதுவாள் என்று ஊர்த் தலைவர் என்னிடம் ஒப்படைத்திருந்தார். அறிவிப்பு என்றால் பெரும்பாலும் பாடு பற்றித்தான். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அப்படி ஒருவருக்கு விழுகிற முறைக்குத்தான் பாடு என்று பெயர். பாடு இருந்தால் ஏரியில் இடம் உண்டு. பாடு இல்லாதவன் கரையில் நின்று மற்றவர் படகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த மாதம் இரண்டு இடங்களிலும் காற்று சரியில்லை. அங்கே அவர் கச்சேரிகள் ஒவ்வொன்றாக ரத்தாகிக்கொண்டிருந்தன. காரணம் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் பார்த்தால் அவர் இணையப் பக்கத்தில் முகப்புப் படம் இருந்த இடத்தில் வெறும் கறுப்பு. அவரோடு கிட்டார் வாசிப்பவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார், அதுவும் 'நன்றி' என்று. எதற்கு நன்றி? ஆயிரக்கணக்கான பேர் அந்த ஒரு சொல்லைப் போட்டுப் புரட்டினார்கள். நானும்தான்.

இங்கே, பெரியப்பா தனக்கு முறையில்லாத நாளில் வலை கட்டிவிட்டார் என்று புகார். நாள் மாறிப்போச்சு என்று அவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடிப் பேசுவதாக இருந்தது. "ஒண்ணியும் ஆவாது. நாலு பேச்சு பேசிட்டு வுட்டுருவாங்க," என்றார் பெரியப்பாவின் தம்பியான என் நைனா. சொல்லிவிட்டு நெடுநேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஒரு கையால் கம்பி, ஒரு கையால் போன். வெளிநாட்டுக் குழுவில் ஒருத்தி எழுதியிருந்தாள்: மேடை வேலை பார்க்கும் ஆளிடமிருந்து கேட்டது, உறுதி, அவர் இனிப் பாடப்போவதில்லை. உடனே தட்டினேன். 'உறுதியான செய்தி. அவருக்கு இனி பாட்டு இல்லை. யாரும் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம். மனம் கனக்கிறது.' அனுப்பினேன். திருப்பாலைவனம் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். எதிர் சீட்டில் இருந்த ஒரு அம்மா, "பரிட்ச பூடுச்சா கண்ணு?" என்று கேட்டார்.

ஊரில் இறங்கியபோது இறால் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும், "வந்துட்டா பாரு, ஊரு ரேடியோ," என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

போனில் சிக்னல் வந்தது. அப்போதுதான் பார்த்தேன். செய்தி எங்கள் ஏழு பேருக்குப் போகவில்லை. ஊர்க் குழுவுக்குப் போயிருந்தது. அதுவும் நான் அடித்தபடி போகவில்லை. மாதக்கணக்காகப் பாடு, பாடு என்று அறிவிப்பு எழுதிப் பழகிய போன், என் 'பாட்டு' என்பதைத் தானாகப் 'பாடு' ஆக்கியிருந்தது.

உறுதியான செய்தி. அவருக்கு இனி பாடு இல்லை.

ஊரைப் பொறுத்தவரை அந்த 'அவர்' பெரியப்பாதான். எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. உடனே அதை எல்லோர் போனிலிருந்தும் நீக்கினேன். அது இன்னும் பெரிய தப்பு. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி அங்கே உட்கார்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிட்டாள், தலைவர் திட்டி எடுக்கச் சொல்லிவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. தவறு நடந்துவிட்டது, அது வேறொருவரைப் பற்றிய செய்தி என்று பின்னால் நான் போட்ட விளக்கத்தையும் அதே கணக்கில்தான் சேர்த்தார்கள்.

பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். அவர் வாசலில் வலையை மடித்துக்கொண்டிருந்தார். பகலில், ஈரம்கூடக் காயாத வலையை அவர் மடித்து நான் பார்த்ததில்லை.

"பெரிப்பா, அது நீ இல்ல. அது ஒரு பாட்டுக்காரர பத்தி. வெள்ளக்காரரு."

"வெள்ளக்காரனுக்கு நம்ம ஏரில எதுக்குடி பாடு?"

"பாடு இல்ல பெரிப்பா, பாட்டு. போனு மாத்திடுச்சி."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எனக்கு ஆறுதல் சொல்ல வந்துகிற. நீ எழுதி எந்த அறிவிப்பு பொய்யாச்சி, சொல்லு? நாளிக்கி மழ வரும்னு நீ எழுதினாகூட வருது."

அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். "நானும் ஒரு மணி நேரமா சொல்லிகினு கீறேன். நம்பல. தெருவுல சொன்னேன். பொண்ணு அப்பனுக்குப் பேசறான்னு சொல்றாங்க." பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நிஜமாவே அவரு பாடமாட்டாரா?"

அந்த நேரத்திலும் அவள் அதைக் கேட்டாள். நானும், "உறுதியாம்க்கா," என்றேன்.

சனிக்கிழமை தலைவரைப் பார்க்கப் போனேன். போனைக் காட்டி, எந்த எழுத்து எப்படி மாறியது என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "தப்பா போச்சி, சரி. நாங்க இன்னும் ஒண்ணும் முடிவு பண்ல. நாளிக்கி உங்க பெரிப்பன வந்து பேசச் சொல்லு. வந்து ஒரு வார்த்த, நாளு மாறிப்போச்சினு சொன்னா முடிஞ்சிச்சி."

ஓடிப்போய்ச் சொன்னேன். பெரியப்பா வலையைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார். "முடிவு பண்ணிட்டு கூப்டறாங்க. எல்லார் எதிர்லயும் நின்னு கேட்டுக்கணுமா?" என்றார். நைனா போய்ப் பேசினார். பெரியம்மா காலில் விழாத குறை. அவர் மசியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. பெரியப்பா வரவில்லை. நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்று வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது வருவதுபோல் தெரியும்; பார்த்தால் ஆடு. "கூப்ட்டும் வரலன்னா இன்னா அர்த்தம்? அவனே ஒத்துக்கினான்," என்று ஒருவர் சொன்னார். எதிர்த்துப் பேச நைனா எழுந்தார். யாரோ அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். பெண்கள் அங்கே பேசும் வழக்கமில்லை. வழக்கமில்லை என்று நானே சொல்லிக்கொண்டு சும்மா நின்றேன் என்பதுதான் உண்மை. இந்த வருஷம் பெரியப்பாவுக்குப் பாடு இல்லை என்று முடிவானது.

வீட்டுக்குத் திரும்பும்போது போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. இங்கிலாந்திலிருந்து அவர் பேசியிருந்தார். தொண்டையில் சின்ன அறுவை சிகிச்சை, குணமாகிவிட்டது, யார் கிளப்பிவிட்டது இந்தக் கதையை, நான் எங்கும் போகவில்லை என்று சிரித்துக்கொண்டே ஒரு நிமிட வீடியோ. உலகம் முழுக்க ரசிகர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழுவில் ஐந்து பேர் இதயங்களாகக் கொட்டியிருந்தார்கள். அக்கா பார்த்திருந்தாள். ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் காலையில் தலைவர் வீட்டிலிருந்து ஒரு காகிதம் வந்தது. புதிய பாட்டு, இல்லை, புதிய பாடு பற்றிய பெயர்ப் பட்டியல். மேலிருந்து கீழே படித்தேன். நைனா பெயர் இருந்தது. அதற்கு மேலே எப்போதும் இருக்கும் பெயர் இல்லை. "சீக்கிரம் போட்டுடும்மா, எல்லாரும் கேட்டுகினு கீறாங்க," என்றார் கொண்டுவந்தவர்.

நைனா படகில் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது. பெரியப்பா கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு பெயராக அடித்தேன். ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்தேன். அனுப்பும் முன் எந்தக் குழு என்று இரண்டு தடவை பார்த்தேன். சரியான குழுதான்.