முச்சந்தியில் ஒரு சுண்ணாம்பு வட்டம்

எங்கள் பள்ளியில் யார் லீவு போடுகிறார்களோ அவர்கள் தலையில் புதுப் பொறுப்பைக் கட்டிவிடுவார்கள். என் நாத்தனார் வளைகாப்புக்காக ஒரே ஒரு நாள் லீவு போட்டேன். மறுநாள் வந்து பார்த்தால், சாரணர் படைக்குப் பொறுப்பாசிரியை என்று என் பெயர் நோட்டீஸ் போர்டில் இருந்தது. கணக்கு டீச்சருக்கும் கூடாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். "புள்ளைங்க உங்களுக்குத்தான் டீச்சர் பயப்படறாங்க" என்றார். அது பாராட்டா, குற்றச்சாட்டா என்று யோசித்து முடிப்பதற்குள் அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

காரிமங்கலத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் இருபது நிமிடத்தில் எங்கள் பள்ளி. எட்டாம் வகுப்பு வரைதான். ஒரு பக்கம் தக்காளித் தோட்டம், இன்னொரு பக்கம் மாந்தோப்பு, பின்னால் வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும் ஏரி. பயிற்சிக்கு என்று ஒரு வாரம் போய், நாற்பத்தோரு வயதில் கூடாரம் அடிக்கவும், மூன்று கல் வைத்து அரைவேக்காட்டுச் சோறு ஆக்கவும், அதைச் சிரித்துக்கொண்டே தின்னவும் கற்றுக்கொண்டு வந்தேன். வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். திரும்பி வரும்போது விசிலைக் கழுத்தைவிட்டு எடுக்க மனசே இல்லை. வீட்டில் குக்கர் விசில் வந்தால்கூட நான்தான் அடித்தேன் என்று என் மகன் கேலி செய்தான்.

இருபத்து நான்கு பிள்ளைகள் சேர்ந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே ஊரில் வம்பாகிவிட்டது. சாரணர்கள் இடது கையால்தான் கை குலுக்குவார்கள். அந்தக் காலத்துப் போர்வீரன் இடது கையில் கேடயம் வைத்திருப்பான். அந்தக் கையை ஒருவனிடம் நீட்ட வேண்டுமென்றால் கேடயத்தைக் கீழே வைக்க வேண்டும். உன்னை நம்புகிறேன் என்று அதற்கு அர்த்தம். இதைக் கதையாகச் சொன்னேன், பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், பெங்களூரிலிருந்து காது குத்துக்கு வந்த தாய்மாமனிடம் விருந்தினர்கள் மத்தியில் இடது கையை நீட்டியிருக்கிறான். மாமன் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் நின்றார்.

"பீச்சாங்கையக் குடுக்கச் சொல்லித் தர்றதுக்கா சார் கவர்மென்ட்டு சம்பளம் குடுக்குது?"

போர்வீரன், கேடயம் எல்லாம் அவரிடம் எடுபடவில்லை. அவரை டீ கொடுத்து அனுப்பிவிட்டுத் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். "இன்னொரு கம்ப்ளைன்ட் வந்தா படையைக் கலைச்சிடுவேன் டீச்சர்" என்றார். அவர் சொன்னால் செய்யக்கூடியவர். எனக்கோ அதற்குள் அந்தப் படை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

பிடித்துப்போனதற்குப் பாதிக் காரணம் எங்கள் அணித்தலைவி. எட்டாம் வகுப்பு. ஒல்லியாக, பெரிய குரலோடு இருப்பாள். ஒன்பதாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுவாள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வகை முடிச்சுப் போடுவாள். அடுத்த மாதம் வத்தல்மலையில் மூன்று நாள் முகாம் இருந்தது. அவள் அதுவரைக்கும் ஒரு நாள்கூட வெளியில் தங்கியதில்லை. ஒரு மாதத்துக்கு முன்பே பையில் துணி அடுக்கிவிட்டாள். சோப்பு டப்பாவைத் தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாளாம். அவள் அம்மாதான் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் இழுத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழித்தடக் குறிகள் பயிற்சி வைத்தேன். முன்னால் போகும் அணி கல்லாலும் புல்லாலும் குறி வைத்துக்கொண்டே போகும், பின்னால் வரும் அணி அதைப் படித்து வழி கண்டுபிடிக்கும். கல்லை அம்பு போல அடுக்கினால் இந்தப் பக்கம் வா. புல்லைச் சேர்த்து முடிந்தால் திரும்பு. கடைசியில் ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் இருந்தால், நான் வீட்டுக்குப் போய்விட்டேன். விளையாட்டு முடிந்ததும் எல்லாக் குறியையும் கலைத்துவிட வேண்டும் என்பது விதி. நான்தான் ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சீக்கிரமே விசில் ஊதிவிட்டேன். கடைசிக் குறிகளைக் கலைக்க யாரும் போகவில்லை.

கடைசிக் குறியை வைத்தவள் அணித்தலைவி. சாக்பீஸ் இல்லாததால், மைதானத்தில் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்புத் தூளை ஒரு கை அள்ளிப் போயிருக்கிறாள். ஊர் முச்சந்தியில் வெள்ளையாக வட்டம் போட்டு, புள்ளி பளிச்சென்று தெரியட்டும் என்று நடுவில் ஒரு சிவப்புச் செங்கல் துண்டை வைத்துவிட்டாள். பக்கத்தில் முடிந்த புல். அதற்கு முன்னால் கல் அம்பு. அம்பு பார்த்தது அவளுடைய பெரியம்மாவின் வீட்டு வாசலை. எலுமிச்சம்பழம் மட்டும்தான் குறை. திங்கட்கிழமைக்குள் யாரோ புண்ணியவான் அதையும் வைத்துவிட்டார்.

அந்தப் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அணித்தலைவியின் அப்பாவுக்கு அண்ணன் மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான், அந்தச் சுவரோரத்தில் ஒரு முருங்கை மரம். மரம் யாருடையது என்ற சண்டையில் இரண்டு ஓரகத்திகளும் பல வருஷமாகப் பேசாமல் இருந்தார்கள். காயை மட்டும் இரண்டு பேரும் பறித்தார்கள்.

திங்கட்கிழமை பஸ்ஸைவிட்டு இறங்கினால் முச்சந்தியில் கூட்டம். எல்லாரும் வட்டத்துக்குப் பத்தடி தள்ளி நின்றார்கள். ஒரு டிவிஎஸ்காரர் வண்டியை வயல் வரப்பில் இறக்கிச் சுற்றிக்கொண்டு போனார். பெரியம்மா நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"வூட்டப் பாத்து அம்பு வெச்சிருக்குது பாருங்க டீச்சர்! சனிக்கிழம போர் மோட்டார் எரிஞ்சு போச்சு. நேத்து பால் கறக்கப் போனா பசு ஒதைக்குது. இது யார் பண்ண செய்வினைன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்று பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்க ஸ்கூலு புள்ளைங்க வெளையாட்டுன்னு ஒருத்தர் சொல்றாரு. அப்பிடிங்களா?" என்றார்.

இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். எனக்கு அந்த நிமிடம் தலைமை ஆசிரியரின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"எங்களுக்கு ஒன்னும் தெரியாதுங்க" என்றேன்.

பக்கத்தில் யாரோ என் புடவையைத் தொட்டதுபோல் இருந்தது. திரும்பினால் அணித்தலைவி. அவளைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கு நடந்தேன். போகிற வழியிலேயே, முகாம் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்காதே, அதற்குள் எல்லாம் அடங்கிவிடும் என்று சொன்னேன். சாரணர் நம்பிக்கைக்குரியவர் என்ற முதல் விதியை நான் போன வாரம்தான் கரும்பலகையில் எழுதி ஐந்து முறை சொல்ல வைத்திருந்தேன். அதை அவள் ஞாபகப்படுத்தவில்லை. "சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை அணிவகுப்பு. வழக்கப்படி வரிசையாக ஒவ்வொருவர் முன்னாலும் நின்று இடது கையை நீட்டினேன். அணித்தலைவி முறை வந்தது. அவள் வலது கையை நீட்டினாள்.

அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் கொடுக்கிற கைதான். எனக்கு முதலில் சுர்ரென்று கோபம் வந்தது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது, அழுகை வந்தது. பெரிய மனுஷி மாதிரி அதை அடக்கிக்கொண்டு, அவளைத் தனியாகக் கூப்பிட்டு என்ன என்று கேட்டேன்.

"நேத்து சாயங்காலம் பெரியம்மாகிட்ட நானே போயி சொல்லிட்டேன் டீச்சர். நான்தான் வெச்சேன்னு. அவங்க நம்பல. உங்கம்மா சொல்லிக் குடுத்து அனுப்பிச்சாளான்னு திட்டறாங்க. டீச்சரே தெரியாதுன்னு சொல்லிட்டாங்க, டீச்சர் பொய் சொல்லுவாங்களாடின்னு கேட்டாங்க. அதுக்கு நான் என்னங்க டீச்சர் சொல்றது?"

அவள் பையிலிருந்து கழுத்தில் கட்டுகிற ஸ்கார்ஃபை எடுத்தாள். நன்றாக மடித்து இஸ்திரி போட்டிருந்தது. அம்மா இரவெல்லாம் அழுதாராம். முகாமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இதைக் கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்துவிட்டு வா என்று சொல்லிவிட்டாராம். அன்று சாயங்காலம் பூசாரி வருகிறார், சேவல் அறுத்துக் கழிப்புக் கழிக்கப் போகிறார்கள், அதற்கு அப்புறம் அம்மா அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்றும் சொன்னாள். ஸ்கார்ஃபை நான் வாங்கிக்கொள்ளவில்லை. "சாயங்காலம் வரைக்கும் நீயே வெச்சிரு" என்றேன்.

நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன்.

"சார், நம்ம படை மேல இன்னொரு கம்ப்ளைன்ட் இருக்குதுங்க. நானே குடுக்கறேன்."

முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கலைத்துவிடுவார் என்று நினைத்தேன். "எனக்கு இன்னும் எழுத்துல ஒன்னும் வரலியே டீச்சர்" என்று சொல்லிவிட்டு, எப்போதும்போலப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். சார்ஜர் வயர் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது, போன் அணைந்திருந்தது. அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த பழைய கோபமெல்லாம் அன்றோடு தீர்ந்தது.

நாலரை மணிக்கு முச்சந்திக்குப் போனபோது பூசாரி உடுக்கையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சேவல் ஒரு முளைக்குச்சியில் கட்டியிருந்தது. விஷயம் தெரியாமல் கொத்திக் கொத்தி எதையோ தின்றுகொண்டிருந்தது. நான் கையோடு கொண்டுபோன சுண்ணாம்புத் தூளை எடுத்து, பழைய வட்டத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு வட்டம் போட்டேன். கூட்டம் இன்னும் பத்தடி பின்னால் போனது. பூசாரியும் போனார்.

"இது செய்வினை இல்லீங்க. சாரணர் குறி. நான்தான் சொல்லிக் குடுத்தேன், புள்ளைங்க வெச்சாங்க. அழிக்க விடாம அவசரப்பட்டதும் நான்தான். நேத்து தெரியாதுன்னு உங்ககிட்டச் சொன்னது பொய்ங்க."

பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்கு என்னா அர்த்தம்?"

"வூட்டுக்குப் போயிட்டேன்னு அர்த்தங்க."

"அத வாயில சொல்ல முடியாதா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் விடவில்லை. "எதுக்கு டீச்சர் பொய் சொன்னீங்க?"

"பயம்ங்க. படையக் கலைச்சிடுவாங்கன்னு பயந்துட்டேன். உங்க வூட்டுப் புள்ள பயப்படாம வந்து சொல்லுச்சு. நான்தான் பயந்துட்டேன்."

பக்கத்து வீட்டு வாசலில் அணித்தலைவியின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பினார், ஆளைப் பார்க்காமல் முருங்கை மரத்தைப் பார்த்துப் பேசினார்.

"மசாலா அரச்சி வெச்சிருந்தா கொஞ்சம் எடுத்துட்டு வா. சேவல் இருக்குது."

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக, "எத்தன பேருக்கு?" என்று வந்தது.

பலிக்குத் தப்பிய சேவல் விருந்துக்குத் தப்பவில்லை. பூசாரி, வந்தது வந்துவிட்டோம் என்று உடுக்கையைத் தூக்கிப் பெரியம்மா வீட்டுத் திண்ணை மூலையில் வைத்துவிட்டு வெங்காயம் உரித்தார். நான் சம்மதப் படிவத்தை எடுத்து நீட்டினேன். அணித்தலைவியின் அம்மா பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். பொய் சொன்னவங்கள நம்பி மலைக்கு எப்பிடிங்க அனுப்பறது?"

நியாயமான கேள்வி. அடுப்படியிலிருந்து பெரியம்மாதான் குரல் கொடுத்தார்: "டீச்சரு ஊரே பாக்க வந்து ஒத்துக்கிச்சு. நாம ரெண்டு பேரும் ஒரு மொருங்க மரத்துக்கு இன்னும் ஒத்துக்கல. போடு கையெழுத்த."

கையெழுத்து விழுந்தது. ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பியபோது, குழம்பைத் தூக்குப்பாத்திரத்தில் ஊற்றி, மூடியை அழுத்தி என் கையில் திணித்தார்கள். அணித்தலைவி முச்சந்தி வரைக்கும் கூட வந்தாள். ஸ்கார்ஃப் கழுத்தில் இருந்தது. வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. அப்போதுதான் அவள் கையை நீட்டினாள். இடது கை.

என் இடது கையில் தூக்குப்பாத்திரம். குழம்பு சூடாக இருந்தது, மூடி ஓரத்தில் கசிந்துகொண்டிருந்தது. குனிந்து அதை மண்ணில் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் விடவில்லை.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "ஏறுங்க டீச்சர்" என்றார்.

"டீச்சர்" என்றாள் அவள், தரையைக் காட்டி. "வட்டத்த அழிக்கணும். இப்ப ரெண்டு இருக்குது."

பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். அடுத்த பஸ் ஏழு மணிக்குத்தான். ஆளுக்கு ஒரு வட்டமாகக் காலால் தேய்த்து அழித்தோம்.